கூண்டுக் கணக்கு

எங்கள் தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் ‘நட்டவை’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘பிழைத்தவை’ என்று கட்டம் கிடையாது. அது இல்லாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். சங்கத்தின் செயலாளர் நான், பிழைப்பு அச்சகத்தில். அறிக்கையை வடிவமைப்பதும் அச்சடிப்பதும் என் பொறுப்பு. “பிழைச்சதையும் போடலாமே” என்று தலைவர் ஒருமுறை கேட்டார். பக்கத்தில் இடமில்லை என்றேன். இடம் இருந்தது. அங்கே நன்கொடையாளர் பொன்னாடை வாங்கும் படத்தைப் போட்டேன்.

சிவகாசிக்காரர்கள் பாதிப் பேர் தேதியை விற்றுப் பிழைக்கிறவர்கள். அடுத்த வருடக் காலண்டருக்கான ஆல்பத்தை இந்த வருட ஆடிப்பெருக்கன்றே பூஜை போட்டு வெளியிடுகிற ஊர் இது. அந்தப் புத்தியோ என்னவோ, மரம் நடவும் எனக்கு முதலில் தேதிதான் கண்ணில் படும். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். விருதுநகர் மாவட்டத்தில் அதை விட முடியுமா? இரண்டு நாளிலும் இங்கே மழை இருக்காது. தென்மேற்குப் பருவமழையை மலை வாங்கிக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மேகம் கறுத்திருப்பது தெரியும். நமக்கு வருவது காற்றும் புழுதியும். ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்த மண் நனையும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நாங்கள் தினசரிக் காலண்டர் தாளில் அச்சடித்து விற்போம். கரிசலில் மானாவாரி போடுகிறவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புரட்டாசிக்குக் காத்திருப்பார்.

இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் புரட்டாசி, ஐப்பசி என்றால் ஊரே தீபாவளி லோடு ஏற்றுகிற மும்முரத்தில் இருக்கும். தீபாவளி கழிந்ததும் ஃபயர் ஆபீஸ்கள், அதாவது பட்டாசு ஆலைகள், சில வாரம் மூடிக்கிடக்கும். மண் ஈரம், ஆட்களும் சும்மா இருப்பார்கள். நடுவதற்கு அதைவிடத் தோதான காலம் எது? அப்போதுதான் எனக்குக் காலண்டர் சீசன். என் வசதிக்கு மரத்தை வெயிலில் நிறுத்தினேன்.

நடுகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில்தான் கடப்பாரை போடுவோம். கோடைக் கரிசல் பாறை மாதிரி இருக்கும், ஒரு முழம் இறங்கினாலே பெரிது. விருந்தினர் அவசரத்தில் இருப்பார். ஒரு வருடம் பழைய குழியையே மறுபடி தோண்டியபோது, போன வருடத்துக் கன்று நர்சரிப் பையோடு வந்தது. கறுப்புப் பாலித்தீன் கிழியவே இல்லை. வேர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் காய்ந்து தேங்காய் நார் போலக் கிடந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, “சார், இப்படிப் பாருங்க” என்று படம் எடுக்கச் சொன்னேன்.

கன்று சும்மாவே கிடைக்கும். செலவெல்லாம் இரும்புக் கூண்டுக்கு. கூண்டில் பெயர்த் தகடு வரும் என்பதால் அதற்குப் பணம் தர ஆள் உண்டு. தண்ணீருக்குத் தகடு கிடையாது, ஆளும் கிடையாது. பட்டுப்போன குழியில் புதுக் கன்று, பழைய கூண்டுக்குப் புதுப் பெயின்ட், புதுப் பெயர். அறிக்கையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி எல்லோரும் சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள். நாங்களும் வெட்டினோம், அதற்கும் படம் இருக்கிறது. அதை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ என்று ஒருவர் முணுமுணுத்தார், காதில் வாங்கவில்லை. எங்கள் கூண்டுகளில் ஒன்றிரண்டில் இப்போது தானாக முளைத்துச் செழித்து நிற்பது அந்தக் கருவேலம்தான்.

பக்கத்துக் கோவில்பட்டிக்காரர் நடிகர் விவேக். கலாம் சொல்லைத் தலைமேல் கொண்டு ஒரு கோடிக் கன்று என்று இறங்கியவர். 2021 ஏப்ரல் 17-இல் அவர் போனபோது துக்கம் உண்மையாகவே இருந்தது. உடனே அவர் பெயரில் நட்டோம், கத்திரி வெயில் வாசலில் நிற்கும்போது. மே மாதம் முழு ஊரடங்கு. ஊற்றப் போக முடியாமல் போனதற்கு ஊரடங்கைக் காரணம் காட்டினேன். அது இல்லாவிட்டாலும் போயிருக்கமாட்டேன்.

சொல்லக் கூசுவது இனிமேல்தான். நாங்கள் நட்ட தெருவில் ஃபயர் ஆபீஸ் போகிற ஓர் அக்கா இருக்கிறார். நிழலின் அருமை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உற்பத்தி அறைக்கு நாலு பேர்தான் இருக்க வேண்டும், மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்வது விதிமீறல். ஆனாலும் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர் வேம்பைத் தேடத்தான் செய்வார். நாங்கள் குழி தோண்டியபோதே அவர் சொன்னார்: “அண்ணாச்சி, இந்த வெயிலுக்கு மனுசனே தாங்கல, இந்தக் குச்சியா தாங்கும்? புரட்டாசியில வைங்க, நான் பாத்துக்கிடுதேன்.” சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவர் வீட்டு வாசலில் வைத்த இரண்டு வேம்பு மட்டும் பிழைத்தன. குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள்கூட வராத தெரு அது. அரிசி களைந்ததும் பாத்திரம் அலசியதும் ஊற்றியே வளர்த்தார். அந்த வேம்புகளுக்கு முன்னால் சங்கத்து ஆட்களை நிறுத்திப் படமெடுத்து, ‘எங்கள் பராமரிப்பில்’ என்று எழுதி அனுப்பினேன். சங்கத்துக்குக் கேடயம் கிடைத்தது. அதை வாங்கப் போனபோது அவரைக் கூப்பிடவில்லை, வேலைநாள், எப்படியும் வந்திருக்கமாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் வழியில் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, எங்க வாசல் மரம் பேப்பர்ல வந்துருச்சாமே?” ஆமாக்கா, எல்லாம் உங்களாலதான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

வரும் ஜூன் 5-க்கும் கூண்டு ஆர்டர் போய்விட்டது. தகட்டில் எழுத்து போன வருடத்தைவிடப் பெரிதாக வேண்டும் என்றார் கொடுப்பவர். புரட்டாசிக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எங்கள் அச்சகத்தில் காலண்டருக்குப் பெரிய பார்ட்டி அவர்தான்.