மணங்கள் சொல்லும் கொழும்பு

வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணுக்கு முன்னே மூக்குத்தான் ஊரை அறியும். காலி வீதிக் கடைகளில் தோசைக்கல்லின் நல்லெண்ணெய் மணம், பூக்கடை மல்லிகை, புகையிரதப் பாதைக்கு அப்பாலிருந்து வரும் உப்புக்காற்று. வடக்கிலிருந்து வந்த பலருக்கு இது இன்னொரு சொந்த ஊர். சமூகப் பணியாளராக இந்த ஒழுங்கைகளில் வீடு வீடாக ஏறி இறங்கும் எனக்கோ, மணங்கள் வேறு கதைகளையும் சொல்லுகின்றன.

இங்கே தையல் கடையொன்றில் ஓர் அக்கா வேலை செய்கிறார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து தப்பி வந்தவர். பின் ஒழுங்கையில் யாராவது குப்பையோடு பிளாஸ்டிக்கை எரித்தால் மெசினை விட்டு எழுந்து வெளியே ஓடிவிடுவார்.

"அந்த மணம் வந்தால் நான் இங்கை இல்லைத் தங்கச்சி. பங்கருக்குள்ளை நிக்கிறன்" என்றார்.

முதலாளியம்மா இதைச் சோம்பல் என்றார். வீட்டார் பேய்க்குணம் என்றனர். வேலையே போய்விடும் நிலை.

இது சோம்பலும் அல்ல, பேயும் அல்ல. நாம் காண்பதும் கேட்பதும் மூளையில் தலமசு என்ற இடைநிலையத்தைக் கடந்தே செல்கின்றன. மணத்துக்கு அந்தச் சுற்றுவழி இல்லை. பயத்தை உணரும் அமிக்டலாவை அது நேராகவே அடைகிறது. நினைவைப் பதியும் ஹிப்போகாம்பசும் அதன் அருகில்தான் இருக்கிறது. ஆகவே "இது என்ன மணம்?" என்று யோசிக்க முன்னரே நெஞ்சு படபடக்கிறது.

அமெரிக்காவில் வென் லீ என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2008 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேறுபாடு தெரியாத இரு மணங்களை முகரக் கொடுத்து, ஒன்றுடன் மட்டும் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தனர். பிறகு அதே ஆட்கள் இரண்டையும் பிரித்தறிந்தார்கள். 2013 இல் வெளிவந்த அவர்களது இன்னோர் ஆய்வில், பதற்றம் ஊட்டப்பட்டவர்களுக்குச் சாதாரண மணமும் கெட்ட மணமாகத் தோன்றியது. பயம் மூக்கைக் கூர்மையாக்குகிறது. கவலை நல்ல காற்றையும் கெடுத்துக் காட்டுகிறது.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் மணம் மாறும். பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் தூண்களிடையே கற்பூரம், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் மெழுகுதிரி, துறைமுகப் பக்கம் டீசல் புகை. 2007 யூன் 7 இல் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்படி ஏற்றப்பட்ட ஓர் அம்மாவுக்கு இன்றும் விடியற்காலை டீசல் மணம் வயிற்றைப் பிரட்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபின், மெழுகுதிரி மணத்துக்கே நடுங்கும் பெண்களையும் சந்தித்தேன். அவர்களில் தமிழரும் உண்டு, சிங்களவரும் உண்டு.

சகோதரிகளே, இதற்கு வழி இருக்கிறது. பயமூட்டும் மணம் வந்தால் இரு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். இன்றைய திகதியையும் நிற்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். உங்களுக்குப் பிடித்த மணம் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். தேசிக்காய்த் தோல், கோப்பித்தூள், சித்தாலேப எதுவானாலும் சரி. தையல்கார அக்காவின் லாச்சிக்குள் இப்போது தேசிக்காய் ஒன்று இருக்கிறது. விஷயத்தை விளங்கிக்கொண்ட முதலாளியம்மா அவரது மெசினை முன்பக்கம் மாற்றிக் கொடுத்தார். சில நாட்களில் இன்னும் எழுந்து போகிறார், ஆனால் திரும்பி வருகிறார்.

நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் குழம்பினால் வைத்தியரை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். வீட்டில் ஒருத்தி திடீரென அடுப்படியை விட்டு ஓடினால் ஏசாதீர்கள். பக்கத்தில் இருந்து, "என்ன மணம் வந்தது?" என்று கேளுங்கள்.