போஸ்மனிலிருந்து ஒரு தோட்டாக் கணக்கு

போஸ்மன், மொன்டானா

அன்புள்ள மாப்ள,

இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும்வரை பேச ஆளில்லை. ஊரில் என்றால் இந்நேரம் நாம் இருவரும் கடைத்தெருவுக்குக் கிளம்பியிருப்போம் என்ற நினைப்பு வந்துவிட்டால் கையிலிருக்கும் புத்தகமும் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் இல்லையென்றால் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கும், ஐந்து வாரம். அது முடிந்ததும் காலித் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு கராஜில் உட்கார்ந்துவிடுவார். என்.சி.சி. கேம்பில் சுட்டு முடித்து, காலிக் கேஸ்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்காமல் நம்மை நகர விடமாட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? இவரும் பொறுக்குகிறார், மறுபடி நிரப்புவதற்காக. நாம் சுட்ட .22 தோட்டாவை அப்படி நிரப்ப முடியாது. அதில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது; சுடும்போது விளிம்பு நசுங்கிப்போகும். இவருடைய .308 தோட்டாவில் அந்த மருந்து பிரைமர் என்ற சின்னக் கிண்ணத்தில், அடியில் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும். பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை அழுத்தலாம்.

இப்போது இவருடைய பேரனும் தோட்டா நிரப்பும் பிரஸ் வாங்கவேண்டும் என்று நிற்கிறான். பாதிக் காசு மிச்சமாம். அவன் அப்பா வேண்டாம் என்கிறார். நான் பேங்கில் இருந்தவன் என்று தெரிந்ததும் பஞ்சாயத்து என்னிடம் வந்துவிட்டது.

பெரியவரின் ரசீதுகளைப் பரப்பிவைத்துக் கணக்குப் போட்டேன். வேட்டைக்கான நல்ல தோட்டா, 20 கொண்ட டப்பா சுமார் 40 டாலர். ஒன்றுக்கு 2 டாலர். வீட்டில் நிரப்பினால் குண்டு 45 சென்ட், வெடிமருந்து 30, பிரைமர் 10, பித்தளைக் கூட்டின் தேய்மானம் 10. ஆக 95 சென்ட். பையன் சொன்னது சரிதான். ஆனால் பிரஸ், கூட்டை வடிவத்துக்குக் கொண்டுவரும் டை, தராசு, கூட்டை அளவாக வெட்டும் கருவி எல்லாம் சேர்ந்து 500 டாலர் ஆகிறது. அவன் வருஷத்துக்குச் சுடுவது இரண்டு டப்பா. போட்ட முதல் திரும்பவே 12 வருஷம்! உட்காரும் நேரத்தை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். போதாததற்கு, தோட்டா மலிவாகக் கிடைத்தால் கூடுதலாகச் சுடத் தோன்றும். தன் வருஷச் செலவு ஒருநாளும் குறைந்ததில்லை என்று பெரியவரே சொன்னார்.

பிறகு ஏன் செய்கிறார்? அதைப் பார்க்கத்தான் தினமும் போகிறேன். மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. இரண்டாவது இருக்கவே கூடாது. மருந்து மாறினாலோ இருமுறை விழுந்தாலோ ரைபிளே வெடித்துவிடலாம். தராசு நம் நகை ஆசாரியின் தராசைத் தோற்கடிக்கும்: ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம் வரை காட்டுகிறது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஐம்பது கூடுகளையும் மரப்பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பார்க்கிறார். மருந்து போடுவதற்கு முன்பே, நுனி வளைத்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடிப்பக்கம் தடவுவார். கம்பி ஒரு பள்ளத்தில் சிக்கினால் பித்தளை அங்கே மெலிந்துவிட்டது, அடுத்த தடவை அறுந்துவிடலாம் என்று அர்த்தம். தூக்கிப் போட்டுவிடுவார். ஈயத்தூள் காரணமாக அங்கே தின்னவோ குடிக்கவோ கூடாது. கை கழுவிய பிறகுதான் காபி. அந்தக் காபியைப் பற்றி எழுதிப் பயனில்லை.

கம்பெனித் தோட்டா எல்லா ரைபிளுக்கும் பொருந்தவேண்டும். இவருடையது இந்த ஒரே ரைபிளுக்கு. எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து, குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது என்று வருஷக்கணக்காகப் பழகிவைத்திருக்கிறார். 100 கெஜத்தில் சுட்ட அட்டையைக் காட்டினார்; மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. எல்க் இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிராணி. அதைக் காயப்படுத்தி அலையவிடக் கூடாது என்பதில் அவர் காட்டும் கண்டிப்பு எனக்குப் பெரிதாகப் பட்டது. இந்தத் திருப்திக்கு எந்தப் பத்தியில் தொகை எழுதுவது?

இன்னொன்றும் உண்டு. 2020-21-ல் பிரைமர் கடைகளிலிருந்தே காணாமல் போய்விட்டது. கருவி, குண்டு, மருந்து எல்லாம் வீட்டில் இருந்தும் பலர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்களாம். கடையை நம்பாமல் இருக்கலாம் என்று பையன் சொல்வதும் அதனால் பாதிதான் உண்மை.

கடைசியில் தீர்ப்புச் சொன்னேன். காசு மிச்சம்தான் நோக்கமென்றால் பிரஸ் வாங்காதே. காலிக் கூடுகளை மட்டும் சேர்த்து வை, அதற்குச் செலவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்கத் தாத்தா பக்கத்தில் உட்கார். அதற்குப் பிறகும் ஆசை இருந்து, வருஷத்துக்கு ஐந்நூறு தோட்டாவாவது சுடுகிறவனாக ஆகியிருந்தால் வாங்கு. ஒரே வருஷத்தில் முதல் திரும்பிவிடும். அப்பாவுக்கும் இதில் சம்மதம்.

உன்,
ரங்கன்