பலகை முதுகு வளையக்கூடாது

திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தச்சுப் பட்டறை. சமையலறை அலமாரி, டிவி யூனிட், பூஜை மாடம் என்று வழக்கமான வேலைகள் சுவரோரம் சாய்ந்திருக்க, நடுவில் நாலடிக்கு மூன்றடியில் ஒரு மேசை தலைகீழாகக் கிடந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் தன் ஏழு வயது மகனின் படுக்கையறைக்காகச் செய்யச் சொன்ன ரயில் மேசை அது. கடையில் வாங்கிய ரயில் தரையில் ஓடியபோது அடிக்கடி தடம் புரண்டது. பையன் அழுதான், அப்பா தச்சரிடம் வந்தார்.

"ரயிலை அப்புறம் பாருங்க சார். பலகை முதுகு வளைஞ்சா மேல எந்த இன்ஜின் ஓடினாலும் குப்புற விழும்" என்றார் தச்சர்.

பன்னிரண்டு மில்லி கனமுள்ள எட்டுக்கு நாலு பிளைவுட்டில் இருந்து வெட்டிய துண்டு. அதன் அடியில் அடிக்கு ஒரு ரீப்பர் குறுக்கே ஓடுகிறது. ரீப்பர் பைன் மரம். தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் பைன் பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. பெட்டிகள் பழைய மரக்கடைக்குப் போகின்றன. அங்கிருந்து ஆணி பிடுங்கி வாங்கி வந்திருக்கிறார். ஒரு ரீப்பரில் எச்.டி. என்ற முத்திரை இன்னும் அழியவில்லை. பூச்சி சாக மரத்தைச் சூடுபடுத்தியாயிற்று என்பதற்கு உலகமெங்கும் வைக்கும் அடையாளம் அது. அந்தப் பக்கத்தை மட்டும் இழைக்காமல் விட்டிருந்தார். "பையன் கேட்பான், சொல்லலாம்ல" என்றார். இழைப்புளியை ஓட்டுவதும், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும், மறுபடி ஓட்டுவதுமாக ஒரு முனைக்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஈரம் பட்டால் உப்பிவிடும் என்று அதைத் தொடவே இல்லை.

ஏன் நாலுக்கு மூன்று? பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் படிப்பு மேசையும் போக மிஞ்சும் இடம் அவ்வளவுதான். ஹார்ன்பி பொம்மை ரயில் தண்டவாளத்தில் மிகச் சிறிய வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர். முழு வட்டம் போட்டால் முக்கால் மீட்டர் அகலம் வரும். இரு பக்கமும் விளிம்பு விட்டால் மூன்றடி சரியாக இருக்கும். இன்னும் சிறிதாக 'என்' அளவில், ஒன்பது மில்லி தண்டவாளத்தில் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஏழு வயது விரலுக்கு அது தோதுப்படாது. பெட்டியைத் தடத்தில் ஏற்றி வைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

சிறு வளைவுக்கு ஒரு விலை உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் செய்து வந்த பயணிகள் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். 87-இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது 245 மில்லிமீட்டர். அந்த வளைவில் பெட்டியின் நடுவயிறு உள்ளே தள்ளும், முனைகள் வெளியே வீசி சிக்னல் கம்பத்தை இடிக்கும். அதனால் குட்டையான சரக்கு வேகன்களே நல்லது என்று முடிவானது. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. கும்மிடிப்பூண்டித் தடத்தின் ஓரத்தில் வளரும் குழந்தை லெவல் கிராஸிங் கேட்டில் நின்று எண்ணுவது சரக்கு வேகன்களைத்தானே.

மேசை தச்சரோடு கும்மிடிப்பூண்டிக்குக் குட்டி யானை வண்டியில் போனது. இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் திருவள்ளூரிலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி போக, சென்னைக்குள் வந்து மாறித்தான் போக வேண்டும். திருவள்ளூர்த் தடம் பழையது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அந்த வழியாகத்தான் போனது.

வயரிங் செய்தவர் கும்மிடிப்பூண்டியில் கன்ட்ரோல் பேனல் கட்டும் சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. தொழிற்சாலை பேனலுக்கு என்ன ஒழுங்கோ அதே ஒழுங்கு மேசைக்கு அடியிலும். சிவப்பு, கறுப்பு வயர்கள் டக்டுக்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு முனையிலும் லக் வைத்து கிரிம்ப் செய்து, எண் போட்ட ஃபெரூல் மாட்டியிருந்தார். "யாரு பார்க்கப் போறாங்கக்கா?" என்று கேட்டுவிட்டேன். "நாளைக்கு ரயில் நின்னா இவன்தான் படுத்துக்கிட்டுப் பார்க்கணும். அவனுக்குப் புரியணும்" என்றார். 230 வோல்ட் அடாப்டர் சுவரோடு நின்றுவிடுகிறது. மேசைக்கு வருவது 12 வோல்ட் நேர்மின்சாரம் மட்டும். தண்டவாள இணைப்புகள் தளர்ந்தால் தூரத்துப் பக்கத்தில் ரயில் சோர்ந்து போகும் என்று இரண்டு இடங்களில் மின்சாரம் கொடுத்தார். எஃகுத் தண்டவாளம் வேண்டாம், நிக்கல் சில்வர் வாங்குங்கள் என்று முன்பே சொல்லியிருந்தவரும் அவர்தான். கடலோர மாவட்டத்தில் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மெயின் தடத்திலிருந்து பிரிந்து மறுபடி சேரும் லூப் லைன் ஒன்றைப் பையன் கேட்டான். 2024 அக்டோபர் 11 இரவு, பக்கத்துக் கவரைப்பேட்டையில் லூப் லைனில் நின்ற சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது அவன் வீட்டில் இன்னும் பேசப்படுகிறது. அக்கா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து பாயிண்டைக் காட்டினார். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தத் தடத்துக்குத்தான் மின்சாரம் போகும். லூப்பின் இரு முனைப் பாயிண்டுகளையும் மெயினுக்குத் திருப்பினால் லூப்பில் நிற்கும் இன்ஜின் அசையாது. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிற்கிற ரயிலை ஒரு தடவை விரலால் தள்ளியும் பார்த்தான்.

தாத்தா ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்கத் தோளில் சுத்தியலோடு தடத்தில் நடந்து, தளர்ந்த சாவிகளை அடித்து இறுக்கியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தவர் முதலில் சொன்னது, "இது நம்ம பிராட்கேஜ் இல்லையே, ஒல்லியா இருக்கே" என்பதுதான். கண்ணளவில் சொன்னது அப்படியே சரி. விளையாட்டுத் தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் அகலம், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதையைச் சுருக்கியது. நம்முடைய 1676-ஐ அதே விகிதத்தில் சுருக்கினால் பத்தொன்பது மில்லியைத் தாண்டும். பிறகு அவர் கட்டைவிரல் நகத்தைத் தண்டவாளத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். நகம் தட்டிய இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போட்டார். தச்சர் அந்த இணைப்புகளைக் கழற்றி, ஃபிஷ்பிளேட்டை நெம்பி மறுபடி மாட்டினார். மூன்றாவது இடத்தில் இருந்த மயிரிழை இடைவெளியை மட்டும் தாத்தா மூட விடவில்லை. மழைக்காலம் வந்து போனால் பலகை உப்பிச் சுருங்கும், தண்டவாளத்துக்கு இடம் வேண்டும் என்றார். தச்சர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். என்னைப் பொறுத்தவரை இந்த மேசையின் விலைமதிப்புள்ள பகுதி அந்த இரண்டு பென்சில் கோடுகள்தான். இன்ஜினுக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்துவிட்டு, தச்சுக்கூலியில் குறைக்கப் பார்க்கிறவர்கள் அவற்றை அவசியம் பார்க்க வேண்டும்.

மேற்பரப்பு வேலையில் பாட்டி ராஜ்ஜியம். கொலுவுக்குப் பார்க் கட்டிய கை. மரத்தூளைச் சலித்துப் பச்சைச் சாயம் போட்டு உலர்த்தி, ஃபெவிகால் தடவிய இடத்தில் தூவினார். கேழ்வரகு முளைக்க விடலாம் என்ற யோசனையைத் தச்சர்தான் தடுத்தார், பலகை ஈரம் தாங்காது என்று. பையன் குகை கேட்டான். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை குகையே கிடையாது என்று தாத்தா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பதிலுக்கு எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும் பாலம் கிடைத்தது. தெர்மோகோலில் தூண், நீலம் பூசிய பலகையில் ஆறு. ஸ்டேஷன் போர்டில் பையனே தமிழில் 'பொன்னேரி' என்று எழுதினான், 'ன்' கொஞ்சம் சாய்ந்திருந்தது. ரயில் செட்டோடு வந்த பனிமலை அட்டையை யாரும் பிரிக்கவில்லை.

கால்களைத் தச்சர் கடைசியாக மாட்டினார். பையனை நிற்க வைத்து அவன் கண்ணுக்கு ஒரு சாண் கீழே மட்டம் குறித்தார். வளர்ந்தால் உயர்த்திக்கொள்ள காலில் வரிசையாக போல்ட் ஓட்டைகள் இருந்தன. மேசையின் இடப்பக்கச் சட்டத்திலும் இரண்டு ஓட்டைகள் சும்மா கிடந்தன. எதற்கு என்று அப்பா கேட்டார்.

"ஒரு ஷீட்ல மிச்சம் நாலுக்கு ரெண்டு துண்டு பட்டறையில இருக்கு சார். இவன் ஒரு கூட்ஸ் யார்டு கேட்பான் பாருங்க. கேட்டப்போ கொண்டாந்து மாட்டிடலாம்."

பையன் அப்போதே கேட்டுவிட்டான்.