பேட்டரிக்கும் உண்டு தேய்மானம்

"சுத்தமா தீர்ந்த பிறகு சார்ஜ் போடு" என்று இன்னமும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான பாடம். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரிக்கு ஆகாது.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போய் உட்காரும், பயன்படுத்தும்போது திரும்பிவிடும். ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் லித்தியம் சிக்கி வீணாகும். எங்கள் காமர்ஸ் பாஷையில் தேய்மானம்! சும்மா வைத்திருந்தாலும் தேயும். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக.

அதனால் கள்ளக்குறிச்சியில் 80 சதவீதத்திலேயே பிடுங்கிவிடுவேன். கல்வராயன்மலை ஏறும் நாளில் மட்டும் 100. சிக்னல் மங்கினால் டவரைத் தேடியே போன் சார்ஜைத் தின்னும். கரண்ட் போனால் டார்ச்சும் அதுதான், 108-ஐக் கூப்பிடுவதும் அதில்தான். அங்கே எந்த வாத்தியார் தேய்மானக் கணக்குப் பார்ப்பார்? சிக்னலே இல்லாத வளைவுகளில் ஏரோப்ளேன் மோடு போட்டுவிடுங்கள் நண்பர்களே, மிச்சமாகும்.