பொய்ப்போர் கண்ட காலம்

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் தாராவியின் தோல் பட்டறைகளை எழுதுவர். மாட்டுங்காவின் பூக்கடைகளையும் பள்ளிகளையும் எழுதுவர். செம்பூர் செட்டா நகரின் முருகன் கோயிலை மறவாமல் எழுதுவர். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் வாரந்தோறும் நம் வீடுகளுக்குள் நுழைந்து, பிள்ளைகளையும் சில வேளைகளில் தாத்தாமாரையும் கட்டிப்போட்ட அமெரிக்க மற்போர்க் காட்சி எந்த மலரிலும் இடம்பெற்றதாக நாங்கள் கண்டதில்லை. இலக்கிய மலருக்கு அது ஏற்ற பொருளன்று எனப் பெரியோர் கருதலாம். மற்போரைப் பாடிய புலவரும் சங்க காலத்தில் இருந்தார் என்பதை அன்னோருக்கு நினைவூட்டிவிட்டுத் தொடங்குகிறோம்.

மும்பைக்குத் தொலைக்காட்சி வந்தது 1972 அக்டோபர் 2-ஆம் நாள். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் தூர்தர்ஷன் காட்டியதே காட்சி. 1991-இல் ஆங்காங்கிலிருந்து ஸ்டார் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பத் தொடங்கியதும் நிலை மாறிற்று. கேபிள்காரர் தாராவியில் கூரைக்குக் கூரை கறுப்புக் கம்பியை இழுத்துச் சென்றார். கீழே சாக்கடை, மேலே கம்பி, இடையே நாங்கள். அந்தக் கம்பி வழியே வந்த அலைவரிசைகளுள் ஒன்று பிரைம் ஸ்போர்ட்ஸ். பின்னாளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் எனப் பெயர் மாறியது அதுவே. அதில்தான் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்னும் மற்போர் வந்தது. 2002-இல் வனவிலங்கு நிதியத்தோடு நேர்ந்த வழக்கின் விளைவாக அதுவும் தன் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டது. ஆயினும் எங்கள் தலைமுறைக்கு இன்றும் அது பழைய மூன்றெழுத்துத்தான்.

அதில் தோன்றியவர்களை எப்படி விவரிப்பது! சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவார் ஹல்க் ஹோகன். உப்பை அள்ளி வீசி வருவார் யோகோசுனா. ஜப்பானிய சுமோ வீரராகக் காட்டப்பட்ட அவர், உண்மையில் சமோவா வழியில் பிறந்த அமெரிக்கர். கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து, மணியோசைக்கு ஏற்ப மெல்ல நடந்து வருவார் அண்டர்டேக்கர். பிணம் புதைப்பவர் என்பது பெயரின் பொருள். எத்தனை அடித்தாலும் விழுந்த இடத்திலிருந்து விறைப்பாக எழுந்து உட்காருவார். நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவரை அடையாளம் காண அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் சந்தில் அவருக்குச் 'சுடலை' என்றே பெயர். ஊர்க்கொடையில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்வரும் சுடலைமாடனைப் பார்த்த பிள்ளைகள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மாட்டுங்காவில் இருந்த எங்கள் பள்ளித் தோழர் வீடுகளில் இக்காட்சிக்கு அனுமதி இல்லை. 'காட்டுமிராண்டிச் சண்டை' என்று அணைத்துவிடுவார்களாம். அவர்கள் சீட்டுக்கட்டு வழியாகவே மற்போர் அறிந்தவர்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்லரின் படம், உயரம், எடை, மார்பளவு, தரவரிசை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். எண்ணைச் சொல்லி எதிராளியின் சீட்டைப் பறிக்க வேண்டும். பெருக்கல் வாய்பாடு மறந்த பிள்ளைகளுக்கும் யோகோசுனாவின் எடை மறக்கவில்லை. செம்பூர் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இருந்தது; ஆகவே அங்கே ஒவ்வொருவரும் தனியே பார்த்தனர். தாராவியில் சந்துக்கு ஒன்றோ இரண்டோ. எனவே நாங்கள் கூட்டமாகப் பார்த்தோம். கூட்டமாகப் பார்த்ததால் வாதமும் பிறந்தது.

எங்கள் தந்தையார் தோற்பை தைப்பவர். அடுத்த வீட்டு மாமா தோல் வெட்டுபவர். இருவரும் ஒரே பட்டறை. மாமா வெட்டித் தர, தந்தையார் தைப்பார். மாமாவின் ஊர் மேலப்பாளையம். எங்கள் ஊர் அதற்குச் சில கல் தொலைவில் உள்ள சிற்றூர். அவர் தொழுகைக்குப் போகிறவர், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பது தவிர வேறுபாடு சொல்லத் தெரியாது. தந்தையார் அவரை 'மச்சான்' என்பார். அவர் தந்தையாரை 'மாப்ளே' என்பார். தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது மாமா வீட்டில்.

தந்தையார் 1960-களின் தொடக்கத்தில் மும்பைக்கு வந்தவர். வந்த புதிதில் வொர்லியில் உள்ள வல்லபபாய் படேல் அரங்கிற்குத் தாராசிங் மற்போரைப் பார்க்கச் சென்றதை நூறு முறையாவது கூறியிருப்பார். பஞ்சாபில் தர்மூசக் என்னும் சிற்றூரில் 1928-இல் பிறந்து, பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குப் போய், அங்கே ஆலையில் வேலை செய்துகொண்டே மற்போர் பயின்றவர் தாராசிங். ஊர் விட்டு ஊர் போய் உழைத்தவர் என்பதாலேயே தந்தையாருக்கு அவர்மீது தனிப் பற்று. அவருடைய எதிராளி கிங்காங். எமில் சாயா என்பது இயற்பெயர்; அங்கேரிய மல்லர்; மலை போன்ற உடம்பு. அந்த மலையைத் தாராசிங் தலைக்குமேல் தூக்கி எறிந்ததைச் சொல்லும்போது தந்தையார் எழுந்து நின்றுவிடுவார். தமிழ்நாட்டில் மெலிந்தவனைக் கண்டால் 'இவர் பெரிய தாராசிங்' என்று கேலி பேசும் அளவுக்கு அப்பெயர் நம் பேச்சில் கலந்தது. 1987-இல் இராமாயணத் தொடரில் அவரே அனுமனாக வந்தபோது தந்தையார் சிறிதும் வியக்கவில்லை. "மலையத் தூக்குனவன்தான, சஞ்சீவியத் தூக்க மாட்டானா?" என்றார்.

மாமாவோ இதில் எதையும் நம்பாதவர். "எல்லாம் பேசி வச்ச சண்ட மாப்ளே. கிங்காங்கும் தாராசிங்கும் ஒண்ணா ஒக்காந்து டீ குடிச்சிட்டுத்தான் மேடைக்கு வருவானுவ. இந்த வெள்ளக்காரனும் அதத்தான் செய்யுதான்" என்பார். தந்தையார் சினந்து, "நீரு வெட்டுத தோலு பொய்யா, நான் தைக்க தையலு பொய்யா? அதுபோலத்தான் மச்சான் அதுவும்" என்று தொடர்பில்லாமல் வாதிடுவார். அமெரிக்கக் காட்சி முடியும், வாதம் முடியாது. அடுத்த வாரம் அடுத்த வாதம். அவ்வாதத்துக்காகவே இருவரும் பார்த்தார்களோ என்று தோன்றும்.

மெய்யாகவே வழக்கில் வென்றவர் மாமாதான். 1989-இலேயே அந்நிறுவனத்தார் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தார் முன்னிலையில் தம்முடையது போட்டியன்று, கேளிக்கையே என்று ஒப்புக்கொண்டிருந்தனர். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதற்காகச் சொன்ன உண்மை அது. அச்செய்தி தாராவிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் தந்தையார் ஏற்றிருக்க மாட்டார்.

அப்போரின் உட்கூறுகளை இன்று எவரும் அறியலாம். எஃகுச் சட்டங்களின்மேல் பலகை பரப்பி, மெல்லிய மெத்தையிட்டு, கித்தான் போர்த்திய மேடை அது. விழுபவர் மோவாயை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒருங்கே படும்படி விழுவார். கைகளால் மேடையை அறைவார். அடி ஓரிடத்தில் சேராமல் பரவும், ஓசையும் பெரிதாகும். குத்துபவர் குத்தும் கணத்தில் காலால் மேடையை மிதிப்பார்; கேட்பது காலின் ஓசை. யார் வெல்வது என்பது முன்பே முடிவானது. ஆனால் பலகை பலகைதான், முதுகு முதுகுதான். தலைகீழாகத் தூக்கப்பட்டவரின் கழுத்து, தூக்கியவரின் கையில் இருக்கிறது. அவர் ஒரு சாண் பிசகினால் இவர் நடமாட முடியாது. ஆகவே எதிரி என்று நமக்குக் காட்டப்படுபவரே மேடையில் இவருக்கு உற்ற காவல்.

இங்கே புறநானூற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களில் பாடினார். 80, 81, 82 என்பன அவற்றின் எண்கள். அது மெய்ப்போர், மல்லன் உயிரோடு மீளவில்லை. கடைசிப் பாடலில் அப்போரின் விரைவுக்குப் புலவர் தேடிய உவமை எங்களைத் திடுக்கிட வைத்தது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறு வேதனை, மழை பெய்கிறது, பொழுதோ சாய்கிறது. அந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னி முடிக்க விரையும் தொழிலாளியின் கை ஊசியைப் போல் விரைந்தது போர் என்கிறார். அத்தொழிலாளியைக் குறிக்க அப்பாடல் ஆளும் சொல்லை நாங்கள் இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் புலவர் அவன் கையை உற்றுப் பார்த்திருக்கிறார். தீபாவளிக்கு முந்தைய வாரம், கெடுவுக்குள் பைகளை முடித்தாக வேண்டிய இரவுகளில், எங்கள் தந்தையாரின் ஊசி அப்படித்தான் ஓடும்.

1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் மும்பையில் நடந்தவற்றை இம்மலரின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. 900 பேர் இறந்தனர் என்று 1998-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் அறிக்கை தந்தது. தாராவியும் எரிந்தது. ஊரடங்கு இரவுகளில் நாங்கள் கேட்ட ஓசைகள் காலால் மேடையை மிதித்து எழுப்பிய ஓசைகள் அல்ல. எங்கள் சந்தில் எவரும் சாகவில்லை. ஆனால் கதவுகள் சாத்தியே இருந்தன. எங்கள் கதவும் சாத்தியே இருந்தது. ஒரு மெல்லிய தகரத் தடுப்புக்கு அப்பால் மாமா வீட்டார் பேசும் குரல் தாழ்ந்து தாழ்ந்து, பின் கேட்காமலே போயிற்று. தந்தையார் தடுப்பின் பக்கம் முகம் வைத்துப் படுத்திருப்பார். ஒரு சொல்லும் சொன்னாரல்லர்.

சனவரி நடுவில் ஒருநாள் விடியற்காலை கதவு மெல்லத் தட்டப்பட்டது. மாமா நின்றார், கையில் தொலைக்காட்சிப் பெட்டி. "ஊருக்குப் போறோம் மாப்ளே. இது இங்க கெடக்கட்டும்" என்றார். தந்தையார் பெட்டியை வாங்கிக்கொண்டார். வேறு பேச்சில்லை. எப்போது வருவீர் என்று இவர் கேட்கவில்லை. வருவேன் என்று அவரும் சொல்லவில்லை.

பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தார் தந்தையார். சில நாட்களில் கேபிள்காரர் வந்து, கம்பியை எங்கள் வீட்டுக்கே திருப்பித் தருவதாகச் சொன்னார். நாங்கள் மூவரும் கெஞ்சினோம். "அது நம்ம பொட்டி இல்ல" என்ற ஒரே விடைதான் கிடைத்தது. பட்டறையில் புதிதாக வந்தவர் வெட்டிய தோல் ஓரங்கள் சேரவில்லை என்று இரவெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு தைத்தார். மார்ச் 12-ஆம் நாள் நகரெங்கும் குண்டுகள் வெடித்தபோது, இனி அவர்கள் திரும்ப மாட்டார்கள் என்றே சந்து பேசிக்கொண்டது.

நோன்புப் பெருநாளை ஊரில் முடித்துக்கொண்டு ஏப்ரலில் திரும்பினார்கள். வேட்டிக் கட்டோடு பெட்டி இறங்கி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அந்த வாரமே மற்போர். சந்துப் பிள்ளைகள் பழையபடி திரண்டோம்; முன்போல் கூச்சலில்லை. பிள்ளைகள் தம் தம் வீட்டார் அருகே ஒட்டி அமர்ந்திருந்ததை இன்று நினைத்துப் பார்க்கிறோம். தந்தையார் வாயிற்படியிலேயே நின்றார். மாமா எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே உட்கார்த்தினார்.

திரையில் ஒருவரை மற்றவர் தலைக்குமேல் தூக்கி அடித்தார். வழக்கமாக அக்கணத்தில்தான் மாமா சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. தந்தையாரே பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "என்ன மச்சான், பொய்யின்னு சொல்லலையா?"

"பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும் மாப்ளே" என்றார் மாமா.

அதன்பின் அவ்வீட்டில் அந்த வாதம் எழவே இல்லை. அதற்காக நாங்கள் வருந்தியதும் உண்டு. அவ்வாதம் அவ்வளவு சுவையானது.

ஆண்டுகள் பல கழிந்தன. தாராசிங் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, 2012-இல் இம்மும்பையிலேயே மறைந்தார். மாமா அதற்கு முன்பே மேலப்பாளையத்துக்குக் குடிபோய்விட்டார். நாங்கள் செம்பூருக்கு வந்தோம். தந்தையார் மட்டும் பகற்பொழுதில் தாராவிக்குப் போய் ஏதாவது தைத்துவிட்டு வருவார்.

அக்காலத்தில் பிரெட் ஹார்ட் என்னும் மல்லரின் தன்வரலாறு வெளிவந்தது. 1992 ஆகஸ்டு 29-ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் எண்பதினாயிரம் பேர் திரண்டிருக்க, அவர் டேவி பாய் ஸ்மித்திடம் தோற்ற போரை நாங்கள் சிறுவராகக் கண்டு கலங்கியவர்கள். வென்ற ஸ்மித் தொடக்கத்திலேயே களைத்துப்போய், பேசி வைத்தவை அனைத்தையும் மறந்துவிட்டாராம். தோற்க வேண்டிய பிரெட், பிடிக்குப் பிடி காதில் சொல்லிக்கொடுத்து, அவரைத் தாங்கி நடத்தி, இறுதியில் தாம் தோற்று வெற்றியை அவர் கையில் தந்தாராம். வென்றவர் பிரெட்டின் தங்கை கணவர் என்பது சேர்த்துச் சொல்லத்தக்கது. இதே பிரெட்டின் தம்பி ஓவன் 1999-இல் கான்சஸ் நகரில் அரங்கக் கூரையிலிருந்து இறங்குகையில் தவறி விழுந்து உயிரிழந்தார். அன்று கீழே தாங்குவார் எவருமில்லை.

வெம்பிளிக் கதையைத் தந்தையாரிடம் சொன்னோம். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். மடியில் ஒரு பள்ளிப் பை, வார் அறுந்தது, பேரப்பிள்ளையுடையது. நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தவர், உறவுமுறை வந்த இடத்தில் மட்டும் கையை நிறுத்தினார்.

"மச்சானும் மாப்ளையுமா? அப்பச் சரி" என்றார். நாலைந்து தையல் ஓடியபின், "தோத்த மச்சானுக்குக் கூலியக் கொறைச்சிருக்க மாட்டானுவல்ல?" என்று கேட்டார்.