கதைக்கு உரிமை இல்லை, பாட்டுக்கு உண்டு

தம்மம்பட்டியில் பகலெல்லாம் வாகை மரத்தில் சிற்பம் செதுக்கி, திருவிழாக் காலத்தில் மேடையேறும் பெரியவர் அவர். எழுதி, மெட்டுப் போட்டு, சுற்றுவட்டாரத்தில் விடிய விடிய நடத்திய அவருடைய இசை நாடகம் சினிமாவாகி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டைட்டிலில் பெயரும் இல்லை, கைக்குப் பணமும் வரவில்லை.

"கதை என்னுதுங்க வக்கீலய்யா. ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க."

கதையை மட்டும் நம்பிப் போனால் நிற்காது என்று அப்போதே சொன்னேன். காரணம், ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. அவருடைய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகம் 1954-ல் டெல்லியில் மேடையேறியது. இயக்குநர் மோகன் சேகல் அதை அவர் வாயாலேயே முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார். 1956-ல் சேகலின் 'நியூ டெல்லி' படம் வந்தது: தமிழ்ப் பெண்ணாக வைஜயந்திமாலா, பஞ்சாபிப் பையனாக கிஷோர் குமார். ஆனந்த் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1978-ல் தோற்றார். கருவுக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்பது தீர்ப்பு. சட்டப்படி சரிதான். ஆனாலும் படிக்கும்போதெல்லாம் ஆனந்துக்காக எனக்கு மனசு கனக்கும்.

இசை நாடகத்துக்கு ஒரு கூடுதல் பலம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நாடகத்துக்கு ஒரு உரிமை, பாட்டு வரிக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று. "நோட்டு இருக்குங்களா?" என்று கேட்டேன். கொண்டுவந்தார். எண்ணெய்ப் பிசுக்கேறிய கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், சுருதிக் கட்டை, யார் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்ற குறிப்பு.

நோட்டோடு போய்ப் படம் பார்த்தேன். படத்தில் கதை நடப்பது வைகைக் கரையில். ஆனால் மகனைத் தேடி அலையும் தாய் பாட்டில் கூப்பிடுவது சுவேத நதியை! கொல்லிமலையில் பிறந்து தம்மம்பட்டி வழியாக ஓடுகிற எங்கள் ஆறு மதுரைப் பக்கம் எப்படிப் போகும்? நோட்டின் அந்தப் பக்கத்தைத்தான் முதல் சான்றாவணமாகக் குறித்தேன்.

வாதி குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 62-ஆம் பிரிவு இடம் தருவதால் சேலம் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். பெரியவர் வாய்மொழியாக உரிமையைக் கொடுத்துவிட்டார் என்றது எதிர்த்தரப்பு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19-ஆம் பிரிவு. 'மை ஃபேர் லேடி' மேடை நாடகத்தைப் படமாக்கும் உரிமைக்கு வார்னர் நிறுவனம் கொடுத்தது 55 லட்சம் டாலர். அப்புறம்தான் 1964-ல் படமும், அதன் பிறகு 8 ஆஸ்கரும். தம்மம்பட்டிக்காரரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. பாட்டுக்கும் மெட்டுக்கும் பணம் வந்தது, டைட்டிலில் பெயர் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். கதைக்காகக் கேட்டதை விட்டுவிட்டோம். நாடகத்தை மேடையில் போடும் உரிமை மட்டும் தன் குழுவை விட்டுப் போகக் கூடாது என்றார் பெரியவர். சமரச மனுவில் அதையே முதல் நிபந்தனையாக எழுதினேன்.