ஏணியின் அடிப்படியில் யார்?

இலக்கணத்துக்கும் சமுதாயத்துக்கும் தொடர்பில்லை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வோர்க்குத் தெருவிலே நடப்பதைப் பற்றிய கவலை எதற்கு என்று கேட்போரும் உளர். ஆயின், 'உம்' என்னும் ஒரு சிறிய இடைச்சொல்லை எடுத்து ஆராய்ந்தாலே இவ்வெண்ணம் நிலைகுலைந்து போகும்.

'எங்களுக்கு எள்ளளவும் அச்சமில்லை' என்கிறோம். 'எள்ளளவும் அச்சமுண்டு' என்று தமிழறிந்தார் எவரும் கூறார். 'ஒருபோதும் பணியோம்' என்பது வழக்கு. 'ஒருபோதும் பணிவோம்' என்பது வழக்கன்று. எள்ளளவும், இம்மியும், சற்றும், ஒருபோதும் என்னும் இவை மறைவினையின் துணைகொண்டே நிற்பன. இவற்றை எதிர்மறைச் சார்புச் சொற்கள் எனலாம்.

இவை மறையை நாடுவதற்குக் காரணம் யாது? எள் மிகச் சிறிய மணி. இம்மியோ பழந்தமிழ்க் கணக்கில் 1/320 ஆகிய முந்திரியினும் பன்மடங்கு சிறிய பின்னம். மிகச் சிறியதை மறுத்துவிட்டால் அதனினும் பெரியன யாவும் தாமே மறுக்கப்பட்டுவிடும். மிகச் சிறியதை உடன்படுவதனாலோ பெரிதாக ஒன்றும் சொன்னதாகாது. ஆகவே, இச்சொற்கள் ஒவ்வொன்றின் உள்ளும் 'அளவிற் கடைப்பட்டது' என்னும் உச்சக் கருத்து ஒளிந்துகொண்டிருக்கிறது.

'மிக மெல்லிய ஒலியும் அவருக்குக் கேட்கும்' என்றால் எல்லா ஒலியும் கேட்கும் என்பது பொருள். 'மிகப் பெரிய ஒலியும் அவருக்குக் கேளாது' என்றால் எந்த ஒலியும் கேளாது என்பது பொருள். ஒலிகளெல்லாம் ஓர் ஏணியின் படிகள் போல் வரிசைப்பட்டு நிற்கின்றன. ஏணியின் எந்த முனையைப் பற்றவேண்டும் என்பதை மறை தீர்மானிக்கிறது. ஜில் ஃபொக்கொனியே என்னும் மொழியியலாளர் 1975இல் இவ்வுண்மையை விளக்கினார்.

ஆங்கிலத்திலே இன்னுமொரு விந்தை உண்டு. மறையிலும் வினாவிலும் பெரிதும் வழங்கும் 'எப்போதாவது' என்னும் பொருளுடைய சொல், மறையே இல்லாத உச்ச வாக்கியத்திலும் இயல்பாக வந்து அமர்கிறது. 1979இல் வில்லியம் லாடுசோ தம் ஆய்வேட்டில் காட்டிய வழியே சென்றால் இதற்கு விளக்கம் கிடைக்கும். 'கிராமத்தில் எவரும் வரவில்லை' என்பது மெய்யானால், அக்கிராமத்து ஆசிரியர்களில் எவரும் வரவில்லை என்பதும் மெய். மறையின் இயல்பு, பெருங்கூட்டத்தைப் பற்றிய உண்மையைச் சிறுகூட்டத்துக்கும் இறக்கிவிடுதல். உச்சத்தின் இயல்பும் இதுவே. பாடசாலை முழுவதிலும் மிக உயரமானவன் ஒருவன் என்றால், அவன் பயிலும் வகுப்பிலும் அவனே மிக உயரமானவன்.

தமிழோ இவ்வுறவை மறைத்து வைப்பதில்லை. 'நாம் கண்டவற்றுள் இதுவே மிகப் பெரிய மரம்' என்பதைவிட, 'இத்துணைப் பெரிய மரத்தை நாம் ஒருபோதும் கண்டதில்லை' என்பதே நம் நாவுக்கு எளிதாய் வருகிறது. உச்சத்தைச் சொல்ல முனையும்போதெல்லாம் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர், இணையற்றது, ஈடில்லாதது என்று மறையையே நாடுகிறோம். 'மிகச் சிறந்த ஆட்சி' என்று மேடையிலே முழங்குவோரைக் கேட்கும்போது, அதனை மறைவாக்கியமாக மாற்றிப் பார்த்தல் நன்று. 'இதனினும் சிறந்த ஆட்சி எங்கும் இருந்ததில்லை' என்று ஆக்கியவுடன், ஒரேயோர் எடுத்துக்காட்டு அதனை வீழ்த்திவிடும் என்பது புலனாகும்.

நிற்க. உம்மைக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் வகுத்தார். அவற்றுள் ஒன்று சிறப்பு. அச்சிறப்பை உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என இரண்டாக்கி உரைகாரர் காட்டும் உதாரணங்களையே நாமும் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். ஒன்றில், மலையையே வாழ்விடமாகக் கொண்ட குறவரும் வழி தெரியாது மயங்கும் குன்று பேசப்படுகிறது. மற்றொன்றில், மனித உடம்பின் இழிவைச் சொல்லவந்த புலவர், ஒடுக்கப்பட்ட ஒரு குலத்தின் பெயரைச் சொல்லி, அக்குலத்தானும் அதனை விரும்பான் என்கிறார்.

ஒருமுறை இவ்வுதாரணத்தை நாம் கரும்பலகையில் எழுதியபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அவன் விரும்பாவிட்டால் வேறெவனும் விரும்பான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டான். இலக்கணம் பற்றிய வினாவே அது. மிகச் சரியான வினாவும்கூட. 'உம்' ஏணி ஒன்று உண்டென்று மட்டுமே சொல்கிறது. அதன் அடிப்படியில் நிற்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொன்னது சமுதாயம். குறவரின் ஏணி, உழைப்பாற் பெற்ற அறிவினால் ஆனது. மலையை அவரினும் அறிந்தார் இலர். மற்றைய ஏணியோ பிறப்பினால் ஆனது. இரண்டுக்கும் விதி ஒன்றே. அவற்றின் பின்னே நிற்கும் நீதி ஒன்றன்று.

'எவரும்' என்னும் சொல்லுக்கும் இக்கதியே நேர்ந்தது. சாதி காரணமாக எவர்மீதும் சமூகத் தடை விதித்தல் குற்றம் என்று இலங்கையின் 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. பதினோராண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. 'எவரும் புகலாம்' என்னும் வாக்கியம், ஒருவர் வெளியே நிறுத்தப்பட்டாலும் பொய்யாகிவிடும். அந்த ஒருவரையும் எண்ணிக்கையிற் சேர்த்தால்தான் 'உம்' முற்றும்மையாகும்.

இனி ஆசிரியர் செய்யத்தக்கது யாது? பழைய உதாரணத்தை ஏட்டிலிருந்து கிழித்தெறிய வேண்டியதில்லை. வாய்மூடி ஒப்புவிக்கவும் வேண்டியதில்லை. இரண்டு உதாரணங்களையும் அருகருகே எழுதி, இவ்விரு ஏணிகளையும் நாட்டியவர் யார் என்று மாணவரைக் கேட்போம். பின்பு, தாமாகவே புதிய உதாரணங்களை ஆக்கச் சொல்வோம். அன்று அவ்வாறு கேட்டபோது, கரையோரக் கிராமத்து மாணவி ஒருத்தி எழுதித் தந்த வாக்கியம் இது: 'கடலோடிகளும் அஞ்சும் புயல்.' விதி பிசகவில்லை, எவரும் இழிவுபடவுமில்லை. இப்போது இழிவு சிறப்புக்கும் அத்தகைய உதாரணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். 'ஆடும் தின்னாத இலை' என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.